இர்மினா பார்த்துக் கொடுத்த கூடை

செப்டம்பர் பாதி தாண்டி இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால், சனிக்கிழமை காலையில் அந்த ஊரில் யாரையும் வீட்டில் போய்த் தேடிப் பயனில்லை. தபால்காரர், பல் டாக்டர், பாதிரியார் வீட்டில் சமைக்கும் அம்மா எல்லோரும் காட்டில் இருப்பார்கள். கையில் பிரம்புக் கூடை, வளைந்த சிறு கத்தி, தோளில் ஃபிளாஸ்க். எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார்கள். கூடைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். கேட்டால் பொய்தான் வரும் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம்.

இர்மினா, பெலா, தியோஃபில் மூவரும் இருபத்திரண்டு வருஷமாக இப்படிக் காளான் பறிக்கப் போய்வந்தார்கள். வண்டி தியோஃபிலுடையது. பால் லாரி ஓட்டிப் பென்ஷன் வாங்கியவன். அவன் வண்டியின் பின்சீட்டில் பைன் மர ஊசிகள் வருஷம் முழுக்க உதிர்ந்து கிடக்கும்; பெருக்கியதே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அவன் காளான் தின்னமாட்டான். வாசனையே ஆகாது. கிடைப்பதையெல்லாம் தங்கை வீட்டில் கொட்டிவிடுவான். அப்புறம் எதற்கு வாராவாரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறாய் என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு பொம்பளைகளின் சண்டையைக் கேட்கத்தான், வீட்டில் டி.வி. ரிப்பேர் என்பான்.

பெலா தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடத்தில் இர்மினாவுக்கு முன் பெஞ்சு. சின்னக் குரல், பெரிய சிரிப்பு. கணவன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கிங்கா பியாவிஸ்தோக் நகரத்தில் வாத்தியார் வேலை பார்த்தாள்.

காட்டுக்குள் நுழைந்ததும் மூவரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒரு தரம் சீட்டி. பதில் சீட்டி வந்தால் சரி. பதினொரு மணிக்குத் தீ மூட்ட அனுமதி உள்ள திட்டில் கூடுவார்கள். குச்சியில் குத்திய சாசேஜ் தீயில் வெடித்துக் கொழுப்பு சொட்டும். அவித்த முட்டை, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், பெண்கள் இருவருக்கும் ஒரு விரற்கடை வோட்கா. தியோஃபிலுக்குத் தேநீர்தான், வண்டி ஓட்ட வேண்டுமே. யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டுப் பையன் இங்கிலாந்திலிருந்து திரும்பிவிட்டான் என்று வாரம் முழுக்கச் சேர்ந்த கதைகளெல்லாம் அங்கே அவிழும்.

வண்டியில் ஏறும் முன் ஒரு வேலை உண்டு. பழைய படுக்கை விரிப்பை மண்ணில் விரித்து, கூடைகளை அதன் மேல் கவிழ்ப்பார்கள். இர்மினா முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காளானாக எடுப்பாள். திருப்புவாள், முகர்வாள், அடியில் விரலால் தேய்ப்பாள். வேண்டாததைத் தோளுக்குப் பின்னால் வீசுவாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவள் பார்க்காத காளான் எதுவும் அந்த வண்டியில் ஏறியதில்லை.

அந்த விரிப்பின் முன்னால் அல்லாமல் வேறெங்கும் இர்மினா பெரிய ஆள் இல்லை. பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாண் திறப்பு. அதன் வழியே ஊர் பார்த்ததெல்லாம் அவளுடைய கைகளைத்தான். சில்லறை இல்லையென்றால் திட்டுவார்கள், பஸ் தாமதமானாலும் அவளைத்தான் திட்டுவார்கள். கணவன் ஸெனோன் கட்டட வேலைக்கு ஜெர்மனி போனான். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தான். மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது. அடியில் இரண்டு கையெழுத்து. இர்மினா அதை இழுப்பறையில் போட்டு மூடினாள். பிறகு அவனைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் வானிலையைப் பற்றிப் பேசினாள். பிள்ளை இல்லை. அவளுக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது டிரைவர்களே டிக்கெட் கொடுக்கட்டும் என்று கவுண்டரை மூடிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் அவளிடம் எதையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இலையுதிர் காலத்தில் மட்டும் கேட்டார்கள். அவள் அடுக்குமாடி வீட்டின் மணி அடிக்கும். பக்கத்துப் படிக்கட்டுக்காரி கூடையோடு நிற்பாள். இர்மினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே போய்ப் பார்த்துச் சொல்வாள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இதற்கென்றே பரீட்சை எழுதித் தேறிய அதிகாரி ஒருவர் இருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை யார் வேண்டுமானாலும் காளானைக் காட்டலாம், காசு கிடையாது. அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் அங்கே போனதில்லை. இர்மினா இருக்கும்போது போவதாவது! அது அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது மாதிரி.

அவளுக்குச் சில சட்டங்கள் உண்டு. காளானைப் பிடுங்கக் கூடாது, கத்தியால் அறுக்க வேண்டும். பிடுங்கினால் மண்ணுக்குள் ஓடும் வெள்ளை நூல் காய்ந்து அடுத்த வருஷம் அங்கே ஒன்றும் முளைக்காது என்பாள். பிடுங்குகிற அந்நியர்களைக் காட்டில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். ஆனால் குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக உள்ள வகைகளுக்கு மட்டும் சட்டம் தலைகீழ். அவற்றை விரலால் தோண்டி அடியோடு எடுக்க வேண்டும். ஏனென்றால் ஆளைக் கொல்கிற பச்சைக் காளான் தன் அடையாளத்தை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. கிழிந்த முட்டைத்தோல் போல வெள்ளையாக ஒரு பை. அந்தப் பையை விட்டுவிட்டு மேலே அறுத்தால், அது பச்சைப்புறா என்று இவர்கள் ஆசையாகச் சொல்லும் நல்ல காளான் மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் தண்டை ஒடி. பச்சைப்புறா சாக்குக்கட்டி போலப் பட்டென்று முறியும். கொல்லுகிறவன் நார் நாராகப் பிரிவான்.

இதையெல்லாம் அவள் ஒவ்வொரு வருஷமும் வண்டியில் சொல்வாள். தின்று எட்டு, பத்து மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுக்கும். அப்புறம் ஒரு நாள் எல்லாம் அடங்கிவிடும், நோயாளி எழுந்து உட்கார்ந்து சூப் கேட்பான். அந்த ஒரு நாளில்தான் உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். தியோஃபில் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, நீதிபதி அம்மா, சாப்பாட்டு நேரத்தில் வேறு கதையே கிடைக்காதா என்பான்.

சென்ற வருஷம் பெலா காட்டுக்கு வரவில்லை. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. இலையுதிர் காலம் முழுவதையும் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தீர்த்தாள். இந்த வருஷமும் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் காட்டில் என்ன செய்வது, நான் வரவில்லை என்றாள். இர்மினா விடவில்லை. மூன்று வாரம் தினமும் போய் நச்சரித்தாள். நீ இல்லாமல் போன வருஷம் அந்தத் தீக்குப் பக்கத்தில் உட்காரவே பிடிக்கவில்லை என்றாள். அது உண்மைதான்.

வழி கண்டுபிடித்தவன் தியோஃபில். பழைய பனிச்சறுக்குக் கோலின் முனையில் ஒரு கத்தியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். மறுமுனையில் ஓர் ஆணி. நின்றபடியே அறுக்கலாம், நின்றபடியே குத்தித் தூக்கலாம். பெலா அதை வரவேற்பறையில் ஆட்டிப் பார்த்ததில் விளக்கின் கண்ணாடி ஒன்று போயிற்று.

அக்டோபர் முதல் சனிக்கிழமை போனார்கள். சொல்லிவைத்த மாதிரி நல்ல நாள். பிர்ச் மரங்கள் மஞ்சளாக நின்றன, பாசி இன்னும் ஈரம். பெலா வண்டிப் பாதையை ஒட்டி மெல்ல நடந்தாள். அரை மணி காத்திருக்காமல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சீட்டி அடித்தாள். ஆபத்தா என்று இர்மினா ஓடிவந்தால், ஆபத்தெல்லாம் இல்லை, சும்மா அடித்துப் பார்த்தேன் என்பாள். தீயருகே சாசேஜைக் கடித்துக்கொண்டு, கண்ணில் புகை பட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள். புகை அந்தப் பக்கம் போகவில்லை. தியோஃபிலும் இர்மினாவும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

விரிப்பை விரித்தார்கள். தியோஃபிலின் கூடை முடிந்து பெலாவின் கூடை. தடித்தண்டுக் காளான்கள் ஐந்தாறு. அதற்குப் பிறகு ஏழு பச்சைக் குடைகள், நடுவே ஆணி குத்திய ஓட்டையோடு. கத்தி எட்டிய உயரத்தில் அறுத்தவை. ஒவ்வொன்றுக்கும் விரல் நீளத் தண்டு. ஒன்றுக்கும் அடி இல்லை.

சட்டப்படி ஏழும் தோளுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெலா முன்னால் சாய்ந்தாள். “பச்சைப்புறாடீ. ஏழு. வெண்ணெய்ல போட்டு உப்பு தூவி முழுசா வதக்கணும். போன வருஷம் ஆஸ்பத்திரிக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டே இதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்.”

இர்மினா ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆறு காளான்களின் தோல் வறண்ட வண்டல் மண் போல வெடிப்பு விட்டிருந்தது. சந்தேகமில்லை. ஏழாவது வழவழவென்று இருந்தது, பட்டுத்துணியில் வரும் மினுமினுப்போடு. அதை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். பச்சைப்புறாவிலும் வழவழப்பானது உண்டு. தண்டை ஒடித்துப் பார்த்தால் முடிந்தது. ஒன்றை ஒடித்தால் ஏழையும் ஒடிக்க வேண்டும். பெலா முழுசாக வதக்க வேண்டும் என்கிறாள்.

“என்னடி, என்னைய ஃபெயில் பண்ணிடுவ போல,” என்றாள் பெலா. குரலில் சிரிப்பு இருந்தது. முகத்தில் அது முழுதாக இல்லை.

தியோஃபில் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடித்தான். நான்கு மணிக்குக் கால்பந்து.

இர்மினா ஏழாவதையும் கூடையில் வைத்துப் பெலாவிடம் நீட்டினாள். ஒரு வருஷம் விட்டு அவளுக்குக் கிடைத்த முதல் கூடை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெலா போன் செய்தாள். விடிகாலையிலிருந்து வயிறு சரியில்லை, புதினாச் சொட்டு மருந்து வைத்திருக்கிறாயா என்றாள். இர்மினா போனபோது கதவு திறந்து கிடந்தது. பெலா குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

இர்மினா இரண்டு கேள்விகள் கேட்டாள். எப்போது சாப்பிட்டாய்? நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கு. எப்போது ஆரம்பித்தது? அஞ்சு மணிக்கு.

பத்து மணி நேரம்.

இந்தக் கணக்கை அந்த ஊரில் அவளைவிடச் சரியாகப் போடக் கூடியவர் யாரும் இல்லை. போட்டுவிட்டாள். பெலாவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தபடி, “சாசேஜ்தான். தியோஃபில் எங்க வாங்கினானோ,” என்றாள்.

“காளானா இருக்குமோ?”

“நான் பாத்தேன்ல.”

“நீ பாத்தா சரிதான்,” என்றாள் பெலா. பிறகு பேச முடியவில்லை, வாந்தி எடுத்தாள்.

அன்று முழுவதும் இர்மினா அங்கேயே இருந்தாள். தரையைக் கழுவினாள், படுக்கையை இரண்டு தரம் மாற்றினாள், சர்க்கரை போட்ட தேநீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். சமையலறையில் குப்பை வாளி இருந்தது. பெலா சீவிப் போட்ட தண்டுகள் அதில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்க்க இரண்டு விநாடி போதும். பார்க்காமலே வாளியை மூடியோடு கீழே கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் கொட்டினாள். நாற்றம் வருகிறது, நோயாளி இருக்கும் வீடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நண்பகலில் கிங்கா போனில் பேசினாள். இர்மினாதான் எடுத்தாள். சாசேஜ் ஒத்துக்கொள்ளவில்லை, நான் இருக்கிறேன், நீ கவலைப்படாதே என்றாள். பெரியம்மா இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று கிங்கா வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தியோஃபில் வந்தான். பழி தன் சாசேஜ் மேல் விழுந்திருப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றான். “அதே சாசேஜ நானும்தான் மூணு தின்னேன். நல்லாத்தான இருக்கேன். வண்டி கீழ நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

உன் வயிறு லாரிக்காரன் வயிறு, அவளுடையது ஒரு வருஷமாக மாத்திரை தின்ற வயிறு என்றாள் இர்மினா. இருபத்திரண்டு வருஷமாக அவள் வேண்டாம் என்றதை அவன் மறுபடி கேட்டதில்லை. காலணியைக் கழற்றாமலே திரும்பிப் போனான்.

திங்கட்கிழமை காலையில் பெலாவே கதவைத் திறந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். பசிக்கிறது என்றாள்.

அந்த நாளை இர்மினா எப்படிக் கடந்தாள் என்று பிறகு யோசித்தால் அவளுக்கே விளங்கவில்லை. கோழி சூப் வைத்தாள். பெலா இரண்டு கிண்ணம் குடித்தாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, தையல் தொழிற்சாலை மேனேஜரின் விக் இயந்திரத்தில் சிக்கிய கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். இர்மினாவும் சிரித்தாள். ஒவ்வொரு மணிக்கும் இது சாசேஜ்தான் என்ற நம்பிக்கை ஒரு பிடி கூடியது. கூடவே பெலா கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்தாள். மற்றவர்களுக்கு வண்டியில் சொன்ன அந்த ஒரு நாள் இதுவாக இருந்தால்? எழுந்து போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் என்னவென்று கேட்பார்கள். காளான் என்று சொல்ல வேண்டும். யார் பார்த்தது என்று கேட்பார்கள். சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் பெலா, வருகிற சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவோமா என்று கேட்டபோது, காலை வரை பார்க்கலாம் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பெலா படுக்கையிலிருந்து எழவில்லை. இர்மினா திரைச்சீலையை விலக்கினாள். வெளிச்சம் பட்டதும் பெலாவின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து பெலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெலா. அது காளான்தான்டி.”

“தெரியும்.”

இர்மினாவுக்குப் புரியவில்லை. பெலா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மெல்லச் சொன்னாள். “ஞாயித்துக்கெழம காலைலயே தோணுச்சு. ஒன் கதைய எத்தன வருஷமாக் கேக்குறேன், எனக்கு மணிக் கணக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?”

“நீ பாத்துக் குடுத்ததாச்சே. ஆம்புலன்ஸ் வந்து நின்னா தெரு முழுக்க ஒன்னப் பத்தித்தான் பேசும். அதான், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “திங்கக்கெழம நல்லாருந்துச்சா, அப்ப நெசமாவே சாசேஜ்தான்னு நெனச்சுட்டேன்.”

இர்மினா அந்தக் கையை விடவும் முடியாமல், பிடிக்கவும் தகுதியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டாள், இன்னொருத்தி மறுபடி கேட்க வெட்கப்பட்டாள். இரண்டு நாள் அப்படிப் போயிருந்தது.

படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரின் சத்தம் கேட்டபோது பெலா மறுபடி பேசினாள். “கிங்காகிட்ட, ஒனக்கு முன்னாடியே தெரியும்னு மட்டும் சொல்லிடாத. அவளுக்குக் கோவம் வந்தா ஆறவே ஆறாது. எனக்கப்புறம் ஒனக்கு ஆள் வேணும்ல.”

மாவட்ட மருத்துவமனையில் வயதில் சின்னவளான ஒரு பெண் டாக்டர் இருந்தாள். காளானா என்று கேட்டாள். இர்மினா இந்த முறை தயங்கவில்லை. பச்சைக் காளான், ஏழு, அடி இல்லாமல் அறுத்தது, பார்த்துக் கொடுத்தது நான், ஒடித்துப் பார்க்கவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். சனிக்கிழமை ஏழு மணிக்குச் சாப்பிட்டது, ஞாயிறு ஐந்து மணிக்கு ஆரம்பித்தது என்றாள். டாக்டரின் பேனா நின்றது.

“ஞாயித்துக்கிழமையே ஏன் கூட்டிட்டு வரல?”

“தெரியல,” என்றாள் இர்மினா. அதை டாக்டர் எப்படி எடுத்துக்கொண்டாளோ, மேலே கேட்கவில்லை. அன்றைக்கே வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு தலைநகர் வார்சாவுக்குப் போன் போடப் போனாள். கல்லீரல் மாற்று சிகிச்சை அங்கேதான்.

கிங்கா இரண்டு மணிக்கு வந்துசேர்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையில் சாக்குக்கட்டித் தூள். டாக்டர் அவளிடம் பேசியதைத் தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து இர்மினா பார்த்தாள். கிங்கா நேராக வந்து அவள் எதிரில் நின்றாள்.

“பெரியம்மா, சாசேஜ்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“காளான்னு எப்பத் தெரிஞ்சுது?”

வார்சாவுக்குக் கொண்டுபோகப் பெலாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கண் மூடியிருந்தாள். இர்மினா அந்தப் பக்கம் பார்த்தபடி, “இன்னைக்குக் காலைல,” என்றாள். கிங்காவுக்கு நின்று யோசிக்க நேரமில்லை. ஸ்ட்ரெச்சரின் பின்னால் ஓடினாள்.

அதற்குப் பிறகு பெலா இந்த ஊரைப் பார்க்கவில்லை. புதன்கிழமை, அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை என்று தியோஃபிலுக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமை, காத்திருப்போர் பட்டியலில் முதல் இடத்தில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பொருந்துகிற கல்லீரல் நாடு முழுக்க எங்கும் இல்லை என்று வந்தது. கிங்கா அவனிடம்தான் பேசினாள். அவன் வந்து இர்மினாவிடம் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுத்த தேநீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்து, நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தெருவில் செய்தி பரவிவிட்டிருந்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரும் குற்றம் சொல்லவில்லை. பக்கத்துப் படிக்கட்டுக்காரி மட்டும், போன மாதம் உங்களிடம் காட்டிவிட்டுக் காயவைத்த காளானை நேற்றுக் கொட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள். கொட்டியது நல்லதுதான் என்றாள் இர்மினா.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் அடித்தது. கிங்கா. குரலில் ஈரமே இல்லை, வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி பேசினாள். அம்மா நேற்று மாலை நாலு மணிக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை கொண்டுவருகிறோம். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம்.

இர்மினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிங்கா முந்திக்கொண்டாள்.

“எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். டாக்டர் சொன்னாங்க, அந்தக் காளானப் பத்தித் தெரிஞ்ச யாருக்கும் நேரத்தக் கேட்டாலே புரிஞ்சிருக்கும்னு. ஊர்ல ஒங்களவிட அது யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெழம ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பெலா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். வாளி காலி. மருத்துவமனைக் காகிதத்தில், தெரியல என்று சொன்னதுதான் இருக்கும். தெரியாது என்றால் இந்தப் பெண் அழுவாள். செவ்வாய்க்கிழமை கல்லறையில் பெரியம்மா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும். உலகத்தில் அந்த ஒரு போன்தான் இனி மிச்சம்.

“தெரியும்,” என்றாள் இர்மினா. “மணியக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல.”

கிங்காவின் குரல் சின்னதாக, பெலாவின் குரலைப் போலவே, வந்தது.

“அம்மாவுக்கு? அம்மாவுக்கும் தெரியுமா?”

இர்மினா கண்ணை மூடிக்கொண்டாள். தெரியும் என்றால், தோழியின் மானத்தைக் காப்பதற்காக அம்மா தன் உயிரையும், பெற்ற மகளையும் இரண்டாம்பட்சமாக வைத்தாள் என்று இந்தப் பெண் ஆயுளுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

“இல்ல,” என்றாள். “ரெண்டு மூணு தரம் கேட்டா, காளானா இருக்குமோன்னு. நாந்தான் இல்ல இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். என்னைய நம்புனா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுகூடச் சொன்னா. நான் விடல.”

“செவ்வாய்க்கெழம நீங்க வரக் கூடாது,” என்றாள் கிங்கா.

“வரல,” என்றாள் இர்மினா. கிங்கா அதற்குள் வைத்துவிட்டிருந்தாள்.